கண்காணிப்பு முகவரும் செருகுநிரலும்: ஒரு வரலாற்று நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதுவோர் பொதுவாகப் பொறிகளின் வேக வளர்ச்சியையும் அவற்றை ஆக்கிய கம்பனிகளின் எழுச்சி வீழ்ச்சிகளையுமே எடுத்துரைப்பர். பொறிகள் நிறுவப்பட்ட பின்னர் அவற்றை நாள்தோறும் பேணிக் காத்தவர்களின் வரலாறு அத்துணை கவனத்தைப் பெறவில்லை. நள்ளிரவில் வட்டு நிரம்பிவிட்டதா, அஞ்சல் வரிசை தேங்கி நிற்கிறதா, நேற்றைய தரவுகளுக்குக் காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா என்னும் வினாக்களுக்கு விடை காணவேண்டிய பொறுப்பு அவர்களுடையதாகவே இருந்து வந்துள்ளது. அவர்தம் தேவையினின்றும் பிறந்த ஒரு சிறு கருவியின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நன்று. பலருக்கும் பொதுவாகப் பணிபுரியும் கணனியைச் சேவையகம் என்கிறோம். அச்சேவையகத்தில் இடையறாது இயங்கி, அதன் நிலையை அளந்து, மையத்திலுள்ள கண்காணிப்புக் கணனிக்கு அறிவிக்கும் செய்நிரல் கண்காணிப்பு முகவர் எனப்படும். முகவரை ஆக்கியோர் முன்னரே எண்ணிப்பார்த்திராத ஒன்றை அளப்பதற்காக, அவ்விடத்திலுள்ளோர் தாமே எழுதி முகவருடன் இணைக்கும் சிறு செய்நிரலே செருகுநிரல் ஆகும். ஆங்கில வழக்கிலே இது 'பிளக்-இன்' எனப்படுகிறது.

மேலோட்டமாக நோக்குமிடத்து இது தொழில்நுட்ப வல்லுநர் மாத்திரமே அக்கறை கொள்ளத்தக்க நுணுக்கமாகத் தோன்றலாம். ஆயின் இதன் அடியில் வேறொரு வினா உள்ளது. எதனை அளப்பது, எந்த அளவுக்கு மேற்பட்டால் அது கேடு என்பனவற்றை வரையறுக்கும் உரிமை யாருக்குரியது? பொறியை விற்றவருக்கா, தராதரங்களை வகுக்கும் குழுவினருக்கா, அன்றிப் பொறியின் அருகே இருப்பவருக்கா? கடந்த நாற்பதாண்டுக் காலச் செருகுநிரல் வரலாறு இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட வெவ்வேறு விடைகளின் வரலாறே எனலாம்.

1. பட்டியலின் காலம்

வலையமைப்பில் ஒரு கணனி உயிருடன் உள்ளதா என அறிவதற்கான மிக எளிய கருவி 1983ஆம் ஆண்டு டிசெம்பரில் தோன்றியது. ஐக்கிய அமெரிக்க இராணுவத்தின் எறிபடை ஆய்வுகூடத்திற் பணியாற்றிய மைக் மியூஸ் எழுதிய 'பிங்' என்னும் செய்நிரலே அதுவாகும். தொலைவிலுள்ள கணனிக்கு ஒரு சிறு செய்தியை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை இது அளந்தது. கணனி பதிலளிக்கிறது என்பதை மட்டுமே இதனால் அறிய முடிந்தது. அதனுள்ளே நிகழ்வது யாதென அறிய முடியவில்லை.

பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிலையங்களையும் இணைத்த வலையமைப்புகள் 1980களின் பிற்பகுதியில் விரைந்து பெருகியபோது இக்குறை பெரிதும் உணரப்பட்டது. 1987ஆம் ஆண்டு நவம்பரில் நுழைவாயிற் பொறிகளைக் கண்காணிப்பதற்கான நெறிமுறையொன்று வெளியிடப்பட்டது. அதன் வழித்தோன்றலாக 1988ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஆர்.எஃப்.சி. 1067 என்னும் ஆவணத்தின் மூலம் எளிய வலையமைப்பு முகாமைத்துவ நெறிமுறை அறிமுகமாயிற்று. எஸ்.என்.எம்.பி. என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இந்நெறிமுறையை வகுத்த நால்வருள் டென்னசிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெப்ரி கேஸ் ஒருவராவார்.

இந்நெறிமுறையின் அமைப்பு தெளிவானது. ஒவ்வொரு பொறியிலும் ஒரு முகவர் இருக்கும். மையத்திலுள்ள முகாமையாளர் கேள்வி கேட்பார், முகவர் விடையளிப்பார். கேட்கத்தக்கவை அனைத்தும் கிளைவிட்ட மரமொன்றில் எண்ணிடப்பட்டு ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும். அம்மரத்தில் இல்லாத எதனையும் கேட்கவியலாது.

ஆகவே அப்பட்டியலில் எவை இடம்பெற்றன என்பது முக்கியமான வினாவாகும். 1988ஆம் ஆண்டில் வெளியான முதற் பட்டியலை ஆக்கியோர் தமது தெரிவு விதிகளை வெளிப்படையாகவே எழுதி வைத்துள்ளனர். பழுதறிவதற்கோ பொறியின் ஒழுங்கமைப்புக்கோ இன்றியமையாதவை மட்டுமே சேர்க்கப்பட வேண்டும். அவை நடைமுறையிற் பயன்பட்டமைக்குச் சான்று இருத்தல் வேண்டும். உற்பத்தியாளர் முழுமையாக நிறைவேற்றக் கூடியவாறு மொத்த எண்ணிக்கை ஏறக்குறைய 100க்குள் அடங்குதல் வேண்டும் என்பன அவற்றுட் சில. அக்காலத் தேவையை நோக்க இவை நியாயமான விதிகளே. எனினும் பட்டியலின் எல்லையை நிர்ணயித்த காரணிகளுள் உற்பத்தியாளரின் வசதியும் ஒன்றாக அமைந்தமை மனங்கொள்ளத்தக்கது.

அப்பட்டியல் வலையமைப்பின் இணைமுகங்களையும் அவற்றினூடாகச் சென்ற செய்திப் பொதிகளையும் எண்ணியது. வட்டின் நிறைவோ நினைவகத்தின் பயன்பாடோ அதில் இடம்பெறவில்லை. சேவையகங்களுக்குரிய அத்தகைய அளவைகளைக் கொண்ட தனிப் பட்டியல் 1993ஆம் ஆண்டு செப்டெம்பரிலேயே வெளிவந்தது. அதிலும் ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் சம்பளப் பட்டியற் செய்நிரல் நேற்றிரவு ஒழுங்காக முடிவுற்றதா என்னும் கேள்விக்கு இடமில்லை. அக்கேள்வி அந்நிறுவனத்துக்கு மாத்திரம் உரியது. எப்பொதுப் பட்டியலும் அதனை முன்னறிந்து தன்னுட் கொண்டிருக்க முடியாது.

2. துணை முகவரிலிருந்து கட்டளை வரிக்கு

பட்டியலை விரிவாக்கும் முயற்சிகள் விரைவிலேயே தொடங்கின. 1991ஆம் ஆண்டு மே மாதத்தில் இரு முறைகள் அடுத்தடுத்து வெளியிடப்பட்டன. அவற்றுளொன்று 'ஸ்மக்ஸ்' எனப்பட்டது, ஐ.பி.எம். சார்ந்தோர் வகுத்த மற்றையது 'டி.பி.ஐ.' எனப் பெயர் பெற்றது. இரண்டினதும் அடிப்படை ஒன்றே. முதன்மை முகவர் ஒன்று இருக்க, அதன் கீழ்த் துணை முகவர்கள் தத்தம் கிளைகளுக்கான கேள்விகளுக்கு விடையளிக்கும். இத்தகைய முறைகளைப் பொதுமைப்படுத்தி 'ஏஜென்ட்-எக்ஸ்' என்னும் தராதரம் 1998ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியாயிற்று.

இவை இலக்கணச் சுத்தமான தீர்வுகள். ஆயின் ஒரு துணை முகவரை எழுதுவதற்கு சீ மொழியில் தேர்ச்சி வேண்டும். மரத்தில் ஓர் எண்ணைப் பெற வேண்டும். அக்கிளையிலுள்ள ஒவ்வொரு பொருளையும் அதற்கெனவுள்ள முறைசார் மொழியில் விவரிக்க வேண்டும். அவ்விவரிப்பை மையக் கணனியிலும் சேர்க்க வேண்டும். காப்புப் பிரதி எடுக்கப்பட்டதா என்று மட்டும் அறிய விரும்பும் ஒருவருக்கு இவ்வளவும் பெருஞ்சுமையாகும். உரிமை ஏட்டளவில் வழங்கப்பட்டிருந்தது. அதனைப் பயன்படுத்துவதற்கான செலவோ பலருக்கு எட்டாததாக இருந்தது.

இந்நிலையை மாற்றியதிற் பல்கலைக்கழகங்களுக்குக் குறிப்பிடத்தக்க பங்குண்டு. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் வலையமைப்புப் பிரிவில் ஸ்டீவ் வால்ட்பஸரின் தலைமையில் 1992ஆம் ஆண்டளவில் எழுதப்பட்ட முகவரொன்று மூலநிரலுடன் வெளியிடப்பட்டிருந்தது. டேவிஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெஸ் ஹார்டகர் 1995ஆம் ஆண்டில் அதனை எடுத்து, தம் பல்கலைக்கழகக் கணனிகளைப் பேணுவோரின் தேவைக்கேற்ப விரிவாக்கினார். பலரது பங்களிப்பாலும் வளர்ந்த அம்முகவர் 2000ஆம் ஆண்டு நவம்பரில் 'நெட்-எஸ்.என்.எம்.பி.' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

டேவிஸ் முகவரின் கிளை, மரத்தில் 2021 என்னும் எண்ணின் கீழ் அமைந்தது. இது ஆண்டைக் குறிப்பதன்று. அப்பல்கலைக்கழகத்துக்கு ஒதுக்கப்பட்ட பதிவெண்ணாகும். அக்கிளையில் ஒரு புதிய வசதி இருந்தது. முகவரின் அமைவுக் கோப்பில் ஒரு வரியை எழுதி ஏதேனுமொரு கட்டளையைப் பெயரிட்டால், கேள்வி வரும்போது முகவர் அக்கட்டளையை இயக்கும். அது அச்சிட்ட முதல் வரியையும், முடிவுறுகையில் அது விட்டுச் சென்ற எண்ணையும் விடையாக அனுப்பும். சீ மொழியும் விவரிப்பு மொழியும் வேண்டாதனவாயின. கட்டளை வரியில் எழுதத் தெரிந்த எவரும் முகவருக்குப் புதிதொன்றைக் கற்பிக்கலாம் என்னும் நிலை உருவாயிற்று.

3. ஓர் எண்ணும் ஒரு வரியும்

முடிவுறுகையில் விட்டுச் செல்லும் எண் என்பது யூனிக்ஸ் பணிசெயல் முறைமையின் பழைய வழக்காகும். ஒவ்வொரு செய்நிரலும் தன் பணியை முடிக்கும்போது ஓர் எண்ணைத் தன்னை அழைத்தவரிடம் ஒப்படைக்கிறது. சுழியம் எனின் வெற்றி. வேறெண் எனின் தோல்வி. இதனை இக்கட்டுரையில் முடிவெண் எனக் குறிப்போம். செருகுநிரலின் பரவலுக்கு வழிகோலியது இச்சிறு வழக்கே.

1996ஆம் ஆண்டில் ஷோன் மக்குவயர் வெளியிட்ட 'பிக் பிரதர்' என்னும் முறைமை பெரும்பாலும் ஷெல் கட்டளைகளாலேயே எழுதப்பட்டது. சேவையகங்களின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு வர்ணங்களாக இணையப் பக்கமொன்றில் அது காட்டியது. அதன் தொடர்பு வாயிலுக்கு 1984 என்னும் எண் தெரிவு செய்யப்பட்டமை ஜோர்ஜ் ஓர்வெலின் நாவலை நினைவூட்டும் அங்கதமாகும்.

அடுத்து 1999ஆம் ஆண்டில் ஈதன் கல்ஸ்டட் 'நெட்செயின்ட்' என்னும் முறைமையை வெளியிட்டார். வணிகக்குறிச் சிக்கலொன்றின் காரணமாக அது 2002ஆம் ஆண்டில் 'நகியோஸ்' எனப் பெயர் மாறியது. இதன் சிறப்பு அதனுள் இருந்தவற்றைவிட அதனுள் இல்லாதவற்றிலேயே தங்கியிருந்தது. அதன் மையச் செய்நிரலுக்கு வட்டினையோ அஞ்சலையோ அளக்கத் தெரியாது. குறித்த நேரத்தில் செருகுநிரல்களை அழைப்பதும், கிடைத்த விடையை நினைவிற் கொள்வதும், உரியவருக்கு அறிவிப்பதுமே அதன் பணிகள். அளத்தல் முழுவதும் செருகுநிரலிடம் விடப்பட்டது.

அவ்விரண்டுக்கும் இடையிலான உடன்படிக்கை மிகச் சுருங்கியது. செருகுநிரல் மனிதர் வாசிக்கத்தக்க ஒரு வரியை அச்சிட வேண்டும். பின்னர் நான்கு முடிவெண்களுள் ஒன்றை ஒப்படைக்க வேண்டும். 0 எனின் நலம்; 1 எனின் எச்சரிக்கை; 2 எனின் நெருக்கடி; 3 எனின் அறியவியலவில்லை. எந்த மொழியில் எழுதுவது, எவ்வாறு அளப்பது என்பன பற்றி அது எதுவும் கூறவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஒரு நூலகத்தின் சேவையகம் ஒவ்வோரிரவும் தன் தரவுத்தளத்துக்குக் காப்புப் பிரதி எடுக்கிறது எனக் கொள்வோம். பொதுப் பட்டியலின்படி நோக்கின் அனைத்தும் நலமே: வட்டில் இடமுண்டு, நினைவகம் போதியது, காப்புச் செய்நிரல் இயங்கி முடிந்துள்ளது. ஆயின் எழுதப்பட்ட கோப்பு வெறுமையாக இருக்கலாம். அச்சேவையகத்தைப் பேணுபவர் பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு செருகுநிரல் எழுதுகிறார். கோப்பின் வயது 26 மணித்தியாலங்களுக்கு மேற்பட்டால் எச்சரிக்கை. 50 மணித்தியாலங்களுக்கு மேற்பட்டாலோ, அளவு முந்திய நாளினதின் அரைவாசிக்குக் குறைந்தாலோ நெருக்கடி. 24 என்னாது 26 என வைத்தமைக்குக் காரணம், காப்பெடுத்தல் சில இரவுகளில் இரு மணித்தியாலம் வரை தாமதிப்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருப்பதேயாகும். அந்த 26 என்னும் எண்ணை எந்த உற்பத்தியாளரும் அவருக்குத் தந்திருக்க முடியாது. அவ்விடத்து அறிவு அவ்வெண்ணில் உறைந்துள்ளது.

நான்காவது விடையாகிய 'அறியவியலவில்லை' என்பது தனிக் கவனத்துக்குரியது. காப்புக் கோப்புறையைத் திறக்கும் அனுமதி செருகுநிரலுக்கு இல்லையெனின் அது யாது கூற வேண்டும்? நலம் என்பது பொய். நெருக்கடி என்பதும் உறுதியற்ற கூற்று. தான் அறியாததை அறியாததெனக் கூறும் நேர்மையை இவ்வுடன்படிக்கை செய்நிரலிடமே எதிர்பார்த்தது. நடைமுறையில் இது எளிதன்று. ஷெல் நிரலொன்று, எழுதுபவர் வேறாகக் குறிப்பிடாவிடின், கடைசிக் கட்டளையின் முடிவெண்ணையே தன் முடிவெண்ணாகக் கொள்ளும். இடையிலே அளவீடு தவறியிருப்பினும், இறுதியில் ஒரு வரியை அச்சிடும் கட்டளை வெற்றி பெற்றுவிட்டால், 'நலம்' என்னும் செய்தியே மையத்தை அடையும். இதனாலேயே தேர்ந்தோர் செருகுநிரலை எழுதத் தொடங்கும்போது முடிவெண்ணை முதலில் 3 என வைத்து, அளவீடு நிறைவேறிய பின்னரே அதனை மாற்றுவர். அளவீடு முடிவின்றி நீளாதிருக்கக் கால எல்லையொன்றை வைப்பதும், செருகுநிரலை நிறுவுமுன் வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி அது சிவப்பைக் காட்டுகிறதா எனச் சோதிப்பதும் இத்தொழிலின் நல்வழக்கங்களாயின.

4. வேகமும் செலவும்

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. முடிவெண் முறையில் ஒவ்வோர் அளவீட்டுக்கும் ஒரு புதிய செய்முறையைத் தோற்றுவித்து முடிக்க வேண்டும். 500 சேவையகங்கள், ஒவ்வொன்றிலும் 20 அளவீடுகள், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எனக் கொண்டால், விநாடிக்கு ஏறக்குறைய 33 செய்முறைகள் பிறந்து மடிய வேண்டும். பத்து விநாடிக்கு ஒருமுறை அளக்க விரும்பின் அது விநாடிக்கு 1000 ஆக உயரும்.

2005ஆம் ஆண்டில் ஃபுளோரியன் ஃபொர்ஸ்டர் தொடங்கிய 'கலெக்ட்-டீ' என்னும் முகவர் இச்சிக்கலுக்கு வேறு விடை கண்டது. பத்து விநாடி இடைவெளியை இயல்பாகக் கொண்ட அம்முகவரில், செருகுநிரல்கள் முகவரின் உள்ளேயே ஏற்றப்பட்டன. மீண்டும் மீண்டும் பிறந்து மடிய வேண்டிய தேவை ஒழிந்தது. ஆயின் உள்ளே ஏற்றப்பட்ட செருகுநிரலில் நினைவகப் பிழையொன்று இருப்பின் முகவர் முழுவதுமே வீழ்ந்துவிடலாம். வெளியே இயங்கும் சிறுநிரல் பழுதுற்றால் ஓர் அளவீடு மட்டுமே தவறும். உள்ளே இயங்குவது பழுதுற்றால் கண்காணிப்பே நின்றுவிடும். வேகத்துக்காகத் தனிமையைக் கைவிடுவதா என்னும் இத்தெரிவு செருகுநிரல் எழுதுவோர் இன்றும் எதிர்கொள்வதாகும். கலெக்ட்-டீயும் வெளிக்கட்டளைகளை இயக்கும் வசதியை முற்றாகக் கைவிடவில்லை; ஆயின் அவற்றை முழு அதிகாரம் கொண்ட 'ரூட்' பயனராக இயக்க அது மறுத்துவிடும்.

லத்வியாவில் அலெக்ஸி விளாடிஷெவ் 1998ஆம் ஆண்டில் தொடங்கி 2001ஆம் ஆண்டில் பொதுவில் வெளியிட்ட 'ஸபிக்ஸ்' இடைவழியொன்றைக் கடைப்பிடித்தது. அடிக்கடி வேண்டப்படும் அளவைகள் முகவரின் உள்ளேயே அமைந்தன. எஞ்சியவற்றுக்கு அமைவுக் கோப்பில் ஒரு பெயரையும் ஒரு கட்டளையையும் ஒரே வரியில் எழுதினாற் போதும். நோர்வேயில் உருவான 'முனின்' செருகுநிரலிடம் இன்னுமொரு கடமையை ஒப்படைத்தது: அளப்பதோடு, தன் வரைபடத்தின் தலைப்பும் அலகும் யாவை என்பதையும் கேட்டபோது அதுவே கூற வேண்டும். இவை யாவும் வடிவில் வேறுபட்டனவாயினும், ஊரிலுள்ளோர் எழுதும் சில வரிகளுக்கு இடம்விட்டே முகவரை அமைக்க வேண்டும் என்பதில் ஒன்றுபட்டன.

5. நம்பிக்கையின் எல்லை

முகவர் பிறர் கேட்கும்போது கட்டளைகளை இயக்குகிறது எனின், கேட்பவர் யார் என்பது உயிர்நிலையான வினாவாகிறது. தொடக்ககால எஸ்.என்.எம்.பி. முகவர்கள் கடவுச்சொல்லை மறைகுறியாக்காது வெளிப்படையாகவே வலையமைப்பில் அனுப்பின. பல இடங்களில் அச்சொல் 'பப்ளிக்' என்றே மாற்றப்படாது விடப்பட்டிருந்தது.

நகியோஸ் முறைமையில், தொலைவிலுள்ள சேவையகத்திற் செருகுநிரல்களை இயக்குவதற்கு 'என்.ஆர்.பி.ஈ.' என்னும் முகவர் பயன்பட்டது. மையம் கட்டளையின் பெயரை மட்டும் அனுப்பும். அப்பெயருக்குரிய முழுக் கட்டளையும் அதன் எல்லைகளும் சேவையகத்தின் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். மையத்திலிருந்து எல்லைகளையும் அனுப்ப விரும்புவோர் அமைவுக் கோப்பில் ஒரு விருப்பை இயக்க வேண்டும். அவ்விருப்புக்கு ஆக்கியோர் இட்ட பெயர் 'என்.ஆர்.பி.ஈ.யைக் குறைகூறாதே' எனப் பொருள்படும். அது வேடிக்கைப் பெயரன்று என்பது பின்னர் புலனாயிற்று. அவ்விருப்பு இயக்கப்பட்டிருந்த இடங்களில், அனுப்பப்படும் சொற்களில் மறைத்து வைத்த கட்டளைகளை ஷெல் இயக்கிவிடும் குறைபாடொன்று 2013ஆம் ஆண்டில் பதிவாயிற்று. எல்லைகளைச் சேவையகத்திலேயே வைத்திருத்தல் இட அறிவுக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் உகந்ததாக இருந்தமை இங்கு நோக்கத்தக்கது.

கண்காணிக்கும் கருவி எத்துணை அதிகாரம் பெற்றுவிடுகிறது என்பதை 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் வெளிப்பட்ட நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்தியது. சோலர்விண்ட்ஸ் கம்பனியின் 'ஒரியன்' என்னும் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்புகளில் ஊடுருவியோர் தீய நிரலைப் புகுத்தியிருந்தனர். ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளரை அப்புதுப்பிப்பு அடைந்திருக்கலாம் என மதிப்பிடப்பட்டது. அது செருகுநிரலின் பழுதன்று. உற்பத்தியாளரின் ஆக்கப் பணியிடத்திலேயே நிகழ்ந்த ஊடுருவல். எனினும் கற்கவேண்டிய பாடம் பொதுவானது. அனைத்தையும் பார்ப்பதற்கு அனுமதி பெற்றது கைமாறின், அனைத்தும் கைமாறும். ஆகவே செருகுநிரலொன்று தனக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்துடனேயே இயங்குதல் வேண்டும். அதனை எழுதியவர் யார், மாற்றக்கூடியவர் யார் என்பனவும் அறியப்பட்டிருத்தல் வேண்டும்.

6. கூட்டுழைப்பின் உடைமை

நெட்செயின்ட் வெளியான சிறிது காலத்திலேயே அதன் செருகுநிரல்கள் தனியொரு திட்டமாகப் பிரிக்கப்பட்டன. பல நாடுகளைச் சேர்ந்தோர் ஊதியமின்றி அவற்றை எழுதியும் திருத்தியும் வந்தனர். மையச் செய்நிரலை மாற்றீடு செய்யலாம். உடன்படிக்கை பொதுவானதாகையால் செருகுநிரல்கள் நிலைக்கும். 2009ஆம் ஆண்டில் நகியோஸ் மையத்தின் வளர்ச்சி மந்தமாயிற்றெனக் கருதிய சிலர் அதன் மூலநிரலிலிருந்து 'ஐசிங்கா' என்னும் புதிய கிளையைத் தொடங்கியபோது, ஏற்கனவே எழுதப்பட்ட செருகுநிரல்கள் எவ்வித மாற்றமுமின்றி அதிலும் இயங்கின.

இதனால் ஒரு முரண்பாடு தோன்றியது. கம்பனியின் பெயரைத் தாங்கிய செருகுநிரல்கள் அதன் போட்டியாளருக்கும் பயன்பட்டன. 2014ஆம் ஆண்டு ஜனவரியில், 2007ஆம் ஆண்டு தொட்டு நகியோஸ் வணிகத்தை நடத்திவந்த கம்பனி, செருகுநிரல் திட்டத்தின் தளப்பெயரைத் தன் சொந்தச் சேவையகத்துக்குத் திருப்பியது. பெயரும் வணிகக்குறியும் தன்னுடையவை என்பது கம்பனியின் நிலைப்பாடு. ஆண்டுக்கணக்கில் உழைத்த தம்மைக் கலந்துகொள்ளாது திட்டம் கைப்பற்றப்பட்டது என்பது பராமரிப்பாளர்களின் நிலைப்பாடு. அவர்கள் 'மொனிட்டரிங் பிளக்-இன்ஸ்' என்னும் புதுப்பெயரில் தம் பணியைத் தொடர்ந்தனர். டெபியன் விநியோகமும் அப்பெயரையே தன் தொகுப்புக்கு ஏற்றுக்கொண்டது.

இந்நிகழ்ச்சியில் இரு உண்மைகள் தெளிவாகின்றன. சட்டத்தின் கண்ணிற் பெயர் ஒருவரது உடைமையாகலாம். உழைப்பினாற் பெற்ற அறிவு அவ்வாறு ஒருவருக்குள் அடங்குவதில்லை. மூலநிரல் பொது அனுமதியின் கீழ் வெளியிடப்பட்டிருந்தமையால் பராமரிப்பாளர்கள் தம் பணியை எடுத்துச் செல்ல முடிந்தது. முடிவெண் உடன்படிக்கையும் எவருக்கும் தனியுடைமையாக இல்லாமையால், பெயர் மாறிய மறுநாளும் உலகெங்கிலுமிருந்த செருகுநிரல்கள் முன்போலவே இயங்கின. பூட்டப்பட்ட முறைமையொன்றில் இவ்வாறு நிகழ்ந்திருப்பின் ஊரிலுள்ளோர் எழுதிய ஆயிரக்கணக்கான சிறுநிரல்களும் அதனுடன் முடங்கியிருக்கும்.

7. தீர்ப்பின் இடமாற்றம்

அண்மைக்கால மாற்றம் வேறு வகையானது. பேர்லின் நகரிலிருந்த சவுண்ட்கிளவுட் கம்பனியில் மட் பிரவுட், ஜூலியஸ் வோல்ஸ் ஆகியோர் 2012ஆம் ஆண்டில் தொடங்கிய 'புரொமீதியஸ்' 2015ஆம் ஆண்டு ஜனவரியில் பரவலாக அறிவிக்கப்பட்டது. 2016ஆம் ஆண்டில் 'சீ.என்.சீ.எஃப்.' எனப்படும் பொது அமைப்பு அதனைத் தன் இரண்டாவது திட்டமாக ஏற்றது. இம்முறையிற் சேவையகத்திலுள்ள சிறு செய்நிரல் பெயர்களையும் எண்களையும் எளிய உரைவரிகளாக வெளியிடுகிறது. நலம், கேடு என்னும் தீர்ப்பை அது கூறுவதில்லை. மையம் எண்களைச் சேகரித்து, தன்னிடமுள்ள விதிகளின்படி தீர்ப்பளிக்கிறது.

இதன் நன்மைகள் மறுக்கத்தக்கனவல்ல. ஒரு சேவையகத்தின் வட்டு நிறைந்ததா என்பதைவிட, எல்லாச் சேவையகங்களிலும் அது எவ்வேகத்தில் நிறைகிறது என்பது பயன்மிகு வினா. ஆயிரம் சேவையகங்கள் நிமிடந்தோறும் தோன்றி மறையும் சூழலில் ஒவ்வொன்றிலும் எல்லைகளை எழுதிவைத்தல் இயலாததே. ஆயினும் தீர்ப்பு மையத்துக்குச் செல்லும்போது, 26 மணித்தியாலம் என்னும் அந்த எண்ணும் அதன் காரணமும் எங்கே எழுதப்படும் என்னும் வினா எழுகிறது. மையத்தின் விதிகளை எழுதுவோர் அவ்விடத்தாரைக் கேட்டு எழுதினால் அவ்வறிவு பேணப்படும்; கேளாது பொது எல்லையொன்றை விதித்தால் 1988ஆம் ஆண்டின் பட்டியல் வேறு வடிவில் மீண்டு வந்ததாகிவிடும்.

கவனிக்கத்தக்க மற்றொரு செய்தியுமுண்டு. புரொமீதியசின் சேவையக முகவரிலும், ஒரு குறித்த கோப்புறையில் ஊர்ச் சிறுநிரல் எழுதி வைக்கும் கோப்பினை வாசித்துச் சேர்க்கும் வசதி இணைக்கப்பட்டுள்ளது. எத்துணை விரிந்த பட்டியலும் முழுமையுறாது என்பதை முறைமையை ஆக்கியோரே ஏற்றுக்கொண்டமைக்கு இது சான்றாகும்.

முடிவுரை

பொதுப் பட்டியலிற் தொடங்கி, துணை முகவரினூடாகவும் முடிவெண்ணினூடாகவும் வளர்ந்த இவ்வரலாற்றினின்றும் ஒன்று புலனாகின்றது. செருகுநிரலுக்கு இடமளிப்பது மட்டும் போதாது. அதனை எழுதுவதற்கான வாயில் தாழ்வாக இருத்தலும் வேண்டும். 1991ஆம் ஆண்டின் துணை முகவர் முறைகள் அதிகம் கூறின. அவற்றைக் கையாண்டோர் சிலர். 1999ஆம் ஆண்டின் உடன்படிக்கை ஓர் எண்ணையும் ஒரு வரியையும் மட்டுமே வேண்டியது. அதனை உலகம் முழுவதும் கையாண்டது. மையங்கள் தோன்றி மறைந்தபோதும், பெயர்கள் பறிபோனபோதும் அச்சிறு உடன்படிக்கை நிலைத்துள்ளது.

இக்கருவிகளுள் முக்கியமான சில, தம் சொந்தப் பொறிகளைப் பேண வேண்டியிருந்த பல்கலைக்கழகத்தாரின் கைகளில் உருவாயின என்பதும் நாம் மறக்கத்தக்கதன்று. அவர்கள் பெருந்திட்டம் தீட்டிப் புறப்பட்டவர்களல்லர். தம் முன்னே இருந்த பொறி எவ்வாறு பழுதுறுகிறது என்பதைக் கூர்ந்து நோக்கி, அதனைச் சில வரிகளில் எழுதி, பிறரும் எடுத்துக்கொள்ளுமாறு வெளியிட்டவர்கள். இன்று நம் ஆய்வுகூடங்களிலும் நூலகங்களிலும் சேவையகங்களைப் பேணும் மாணவர்க்கும் அதே வாய்ப்பு உண்டு. தம்மிடத்துப் பொறி பற்றித் தாமே அறிந்ததை ஒரு செருகுநிரலாக எழுதுவோர், அவ்வறிவு தம்மோடு முடிந்துவிடாது பின்வருவோரையும் சென்றடைய வழிசெய்தவராவர்.